பழைய சாமானால் புது வீட்டுக்கு அழகு!

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் வீடே விலைக்குக் கிடைக்கும்! ஆனால் முழு வீடு அல்ல. துண்டு துண்டாக!

ஒரு கடையில் வாசல் நிலை மட்டும் சுவரில் சாய்ந்து நிற்கிறது. இன்னொரு கடையில் தேக்குத் தூண்கள் விறகு போல அடுக்கிக் கிடக்கின்றன. ஜன்னல் கம்பி, பித்தளைக் குமிழ், ஊஞ்சல் சங்கிலி, பந்தியில் குழம்பு பரிமாறிய வாளி, மரப்பாச்சி பொம்மை, பல்லாங்குழி, அஞ்சறைப் பெட்டி, சுவர்க் கடிகாரம், ரசம் போன கண்ணாடி, சாமி படம்... எது வேண்டும்? எல்லாம் இருக்கிறது.

சென்னையில் இருந்து வருகிறார்கள். பெங்களூரில் இருந்து வருகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். பேரம் பேசி வாங்கிப் போகிறார்கள்.

பழசு என்றாலே பேரீச்சம் பழத்துக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது பழசை விலை கொடுத்து வாங்கி, நடுக்கூடத்தில் வைக்கிறார்கள். அதனால் சில வீடுகள் களை கட்டி விடுகின்றன. உள்ளே போனால் வெளியே வர மனம் வராது. சில வீடுகளோ காயலான் கடை போல ஆகி விடுகின்றன!

இரண்டு வீட்டிலும் இருப்பது அதே பழைய சாமான்தான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அதைத் தெரிந்து கொள்ள வேண்டும் என்றால், இந்தச் சாமான்கள் முதலில் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும்.

கப்பலில் வந்த தேக்கு

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள். பர்மா, இலங்கை, மலேயா என்று பல சீமைகளுக்குப் போனார்கள். சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் வீடு கட்டினார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, ஆத்தங்குடி போன்ற ஊர்களில் அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940-கள் வரையில் கட்டியவை.

வீடா அவை? ஒரு தெருவில் வாசல் இருக்கும். கொல்லைக் கதவு அடுத்த தெருவில் இருக்கும்! முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

பர்மாவில் இருந்து தேக்கு வந்தது. இத்தாலியில் இருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்தில் இருந்து கண்ணாடி வந்தது. ஜப்பானில் இருந்து பூப்போட்ட ஓடுகள் வந்தன. சுவீடன் நாட்டில் இருந்து எனாமல் பாத்திரங்கள் வந்தன. அவற்றை மங்குச் சாமான் என்பார்கள்.

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீர் சாமான்களைப் பரப்பி வைப்பது வழக்கம். பித்தளை அண்டா முதல் சின்னக் கரண்டி வரை எல்லாம் அதில் இருக்கும். பாத்திரத்தில் பெண்ணின் பெயர் எழுத்தை வெட்டித்தான் கொடுப்பார்கள்.

பிறகு காலம் மாறியது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் உயிருக்குப் பயந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார்கள். சண்டை முடிந்த பிறகு பர்மா சுதந்திரம் அடைந்தது. நிலங்கள் அரசுக்குப் போயின. 1960-களில் கடைகளும் வியாபாரமும் போயின. செட்டிநாட்டுக்கு வந்து கொண்டிருந்த பணம் நின்றது.

வீடு மட்டும் நின்றது! பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். தாத்தா கட்டிய வீட்டுக்குப் பேரன்கள் பத்துப் பேர், இருபது பேர் பங்காளிகள் ஆனார்கள். கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டுத்தான். ஓடு மாற்றவே பெரும் பணம் வேண்டும். யார் போடுவது?

ஒரு நாள் பேச்சு முடிந்து விடும். வீட்டை இடித்து விடுவார்கள். தூண் ஒரு பக்கம் போகும். நிலை ஒரு பக்கம் போகும். அண்டா இன்னொரு பக்கம் போகும்.

செட்டிநாட்டு ஊர்களை 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னம் ஆவதற்கு அது முதல் படி. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஓட்டை ஓடு அடைபட்டு விடாது!

தூண் இருக்கிறது; தாங்க ஒன்றும் இல்லை

ஏற்கனவே இடிந்த வீட்டின் கதவை வாங்கி ஒருவர் தம் வீட்டில் மாட்டினால் அது நல்ல காரியம். வாங்க ஆள் இல்லாவிட்டால் அது அடுப்புக்குப் போயிருக்கும். ஆனால் "எனக்கு இந்த மாதிரி தூண் எட்டு வேண்டும்" என்று ஆர்டர் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது என்ன ஆகும்? நல்லபடியாக நின்று கொண்டிருக்கிற வீட்டுக்கும் விலை பேச ஆள் போய் விடுவான்!

அப்படி வாங்கிய தூணைச் சிலர் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைக்கிறார்கள். மேலே கூரைக்கும் தூணுக்கும் சம்பந்தம் இல்லை. எதையும் தாங்காத தூண், ஊர் தெரியாமல் வந்து நிற்கிற மனிதனைப் போல் இருக்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அதே தூணைத் திண்ணையில் நிறுத்தி, அதன் மேல் சின்னத் தாழ்வாரம் இறக்கிப் பாருங்கள். தூணுக்கு உயிர் வந்து விடும்! சாயங்காலம் அதில் சாய்ந்து கொண்டு தாத்தா பேப்பர் படிப்பார்.

ரகசியம் இதுதான். வேலை இருக்கும் பழைய பொருள் வீட்டில் ஒட்டிக் கொள்ளும். வேலை இல்லாத பொருள் தூசிதான் சேர்க்கும்.

உழக்கை எடுத்துக் கொள்ளுங்கள். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. அறுபதுகளில் கடைகளுக்கு லிட்டர், கிலோ எல்லாம் வந்து விட்டன. படியும் உழக்கும் பரணுக்குப் போய் விட்டன. அந்த உழக்கைப் பிள்ளைகள் படிக்கிற மேஜையில் வைத்தால் பேனா, பென்சில் போட்டு வைக்கலாம். மரக்காலில் குடைகளை நிறுத்தலாம். அண்டாவில் தண்ணீர் ஊற்றி, நாலு பூவை மிதக்க விட்டு வாசலில் வைக்கலாம். மூன்று நாளைக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் கொசு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்!

தேக்குப் பெட்டகம் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். போர்வை, தலையணை உறை எல்லாம் உள்ளே போய் விடும். மேலே ஒரு மெத்தை போட்டால் உட்காரும் இடமும் ஆகும். ஊஞ்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊஞ்சல் உள்ள வீட்டில் வேறு அலங்காரமே தேவை இல்லை.

அளவும் முக்கியம். சின்ன வீட்டில் பெரிய பெட்டகம் இரண்டு வாங்கிப் போட்டால் மனிதர்கள் நடப்பது எங்கே? ஒரு அறைக்குப் பழைய பொருள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். சுற்றிலும் வெறும் சுவர் இருந்தால்தான் அதன் அழகு கண்ணில் படும்.

சுவரில் சாமி

வீட்டுக்கு ஓவியம் வேண்டும் என்றால் லட்சம் லட்சமாகப் பணம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை.

ராஜா ரவிவர்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1848-ல் பிறந்தவர். 1906-ல் காலமானவர். அவர் வரைந்த லட்சுமியும் சரசுவதியும் முதலில் அரண்மனைச் சுவரில்தான் இருந்தார்கள். 1894-ல் பம்பாயில் அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரம் வந்தது. அரண்மனை லட்சுமி ஏழை வீட்டுக்கும் வந்து விட்டாள்! அந்த அச்சுப் படங்களுக்குப் பெண்கள் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டி விட்டார்கள். அப்படி அலங்காரம் செய்த படங்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு என்ற ஓவியர் இருந்தார். 1898 முதல் 1976 வரை வாழ்ந்தவர். அவர் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போனார்கள். உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் பழைய முருகன், அவர் கை வண்ணமாகவே இருக்கலாம். பழைய காலண்டர் படத்துக்கு நல்ல சட்டம் போட்டு மாட்டிப் பாருங்கள். கடையில் வாங்கும் படம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

படம் மாட்டும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெயில் நேராகப் படக் கூடாது. நிறம் போய் விடும். ஓதம் அடிக்கும் சுவரில் மாட்டக் கூடாது; பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் சின்னத் தக்கை ஒட்டினால் காற்றுப் போகும்.

தஞ்சாவூரில் கண்ணாடி ஓவியம் என்று ஒன்று உண்டு. அதைக் கண்ணாடியின் பின்பக்கம் வரைவார்கள். எல்லாமே தலைகீழ் முறை! சாதாரணப் படத்தில் நகையையும் கண்ணையும் கடைசியில் வரைவார்கள். இதில் அவைதான் முதலில். பின்னணி வண்ணம்தான் கடைசியில். இந்தப் படம் கிடைத்தால் முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். பின்பக்கத்தில் ஈரத் துணி பட்டால் சாமி போய் விடும், கண்ணாடிதான் மிஞ்சும்!

சூளைக்குப் போகாத கல்

பழைய சாமான் வைத்தாகி விட்டது. படம் மாட்டியாகி விட்டது. ஆனாலும் வீடு ஆஸ்பத்திரி போல இருக்கிறதே என்கிறார்கள் சிலர். காரணம் தரை! பளபளவென்று கண்ணைக் கூசும் தரையில் எந்தப் பழைய பொருளும் ஒட்டாது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆத்தங்குடி. அந்த ஊர்ப் பூக்கல் பேர் பெற்றது. அதைச் செய்வதைப் பார்க்க வேண்டும்!

ஒரு சதுரக் கண்ணாடித் துண்டு. அதைச் சுற்றி இரும்புச் சட்டம். கண்ணாடியின் மேல் பூ வடிவத் தகட்டு அச்சை வைக்கிறார்கள். அச்சுக்குள் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. சிமெண்டும் சாயமும் மணலும் கலந்த குழம்பைக் கரண்டியால் மொண்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம் ஊற்றுகிறார்கள். சிவப்பு இங்கே, மஞ்சள் அங்கே, பச்சை நடுவில். கை நடுங்கினால் பூ கெட்டுப் போகும். பிறகு அச்சை மெல்லத் தூக்கி விடுகிறார்கள். நிறங்கள் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை!

அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள். அதற்கும் மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். காய்ந்த பிறகு சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாகக் கழன்று வருகிறது. கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடி போலவே மின்னுகிறது.

சூளை இல்லை. நெருப்பு இல்லை. கை வேலைதான். அதனால் ஒரு கல் போல இன்னொரு கல் இருக்காது. பூ கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி இருக்கும். அதுதான் அதன் அழகு.

இந்தத் தரை நடக்க நடக்க மெருகேறும். துடைக்கிற தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது செட்டிநாட்டுப் பழக்கம். ஆசிட் மட்டும் ஆகாது. எலுமிச்சைச் சாறு கொட்டினாலும் உடனே துடைக்க வேண்டும். வீடு முழுவதும் போட வசதி இல்லாதவர்கள் பூஜை அறைக்கு மட்டும் போடலாம். வாசற்படிக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்குப் போட்டாலும் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தரையைப் பெயர்க்க முடியுமா? முடியாது. அவர்களுக்குப் பத்தமடை இருக்கிறது!

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் விளையும் கோரைப் புல்லை அறுத்து, காய வைத்து, தண்ணீரில் ஊறப் போட்டு, மெல்லிய இழையாகக் கிழித்து, நூலோடு சேர்த்துப் பாய் நெய்கிறார்கள். பத்தமடையில் இந்தத் தொழில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருக்கிறது. உயர்ந்த ரகப் பாயைத் துணி போல மடிக்கலாம். கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரையே நெய்து கொடுப்பார்கள். சுவரில் மாட்டினால் ஓவியம். தரையில் விரித்தால் படுக்கை.

பனை ஓலைக் கொட்டானில் வெங்காயம் போட்டு வைக்கலாம். மண் பானையை ஜன்னல் ஓரம் வைக்கலாம். இவையெல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாசாரம். பழைய தேக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓலையும் மண்ணும் இருந்தால்தான் பெட்டி பெட்டியாகத் தெரியும். பிளாஸ்டிக் பூ இருந்தால் எல்லாம் கெட்டது!

ஏமாறாதீர்கள்

பழசுக்கு மவுசு வந்தால் போலியும் வரும் அல்லவா? புதுப் பித்தளையைக் கறுக்க வைத்து "நூறு வருஷத்துச் சாமான்" என்பார்கள். புதுப் பலகைக்குச் சாயம் பூசுவார்கள்.

கை பட்ட இடத்தைப் பாருங்கள். உண்மையான பழைய கதவில் தாழ்ப்பாள் பக்கம் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கும். பெட்டியின் அடிப்பக்கம் சிராய்ப்பு இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி பழசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள். மாவு போல உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. அதற்கு மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டு வந்தால் மற்ற மரச் சாமானும் போய் விடும்.

எனாமல் பெயர்ந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டாம், செடி வையுங்கள். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை உலர்ந்த தாளால் தேய்த்துப் பொடி பறக்க விடுவது ஆபத்து.

இன்னொன்று. "உபயம்" என்று பெயர் வெட்டிய விளக்கோ மணியோ விலைக்கு வந்தால் கையை நீட்டாதீர்கள். அது கோயிலுக்குக் கொடுத்த பொருள். அது எப்படிக் கடைக்கு வந்தது? பழைய சிலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1972-ல் வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய சிலைகளையும் ஓவியங்களையும் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவருக்கு லைசென்சு வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. யானைத் தந்தச் சாமானை வாங்குவதும் குற்றம்.

முதலில் பரணைப் பாருங்கள்

காரைக்குடிக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள்.

எவர்சில்வர் வந்த புதிதில் எத்தனையோ வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போட்டார்கள். கனமான குடத்தைக் கொடுத்து விட்டு இரண்டு தட்டு வாங்கினார்கள்! அப்படியும் தப்பிப் பிழைத்த சாமான் சில இருக்கும். அடுப்புக் கரி படிந்த அண்டா. மூடி இல்லாத தூக்குவாளி. கை ஒடிந்த முக்காலி.

இவற்றை எடைக்குப் போட்டால் உலோகத்தின் விலை கிடைக்கும். பிறகு பேரனுக்குப் பழைய சாமான் ஆசை வந்தால், யாரோ ஒருவருடைய பாட்டி பெயர் வெட்டிய அண்டாவைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவான். அந்தப் பெயர் யாருடையது என்று அவனுக்கும் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

புளி தேய்த்துக் கழுவினால் பித்தளை பளிச்சென்று ஆகி விடும். அதிலேயே சமைக்க ஆசை இருந்தால் ஈயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளிக் குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர்கள் இப்போது குறைவு. ஆனாலும் பெரிய பாத்திரக் கடைகளில் விசாரித்தால் ஆள் கிடைப்பார்கள். நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஓட ஓட ஈயத்தைத் தேய்ப்பார்கள். ஒரு நிமிஷத்தில் உள்பக்கம் வெள்ளி போல ஆகி விடும். வெள்ளீயம்தானா என்று கேட்டுக் கொள்ளுங்கள். காரீயம் கலந்தது உடம்புக்கு ஆகாது.

அப்படியே பெயர் வெட்டுகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள். பாட்டியின் பெயரை அழிக்க வேண்டாம். அதன் கீழேயே பேத்தியின் பெயரையும் வெட்டலாம். அண்டா பெரிது, இடம் நிறைய இருக்கிறது.